ஷோகேஸில் இருக்கும் கல்

எங்கள் வீட்டு ஷோகேஸில், நான் ஓய்வு பெற்ற அன்று கொடுத்த கடிகாரத்துக்கும் கொலுச் செட்டியாருக்கும் நடுவில் ஒரு கல் இருக்கிறது. தேங்காய் மூடி அளவுதான். அடியில் கறுப்புப் பாறை. அதன்மேல் பழுத்த கொய்யாவின் உட்சதை நிறத்தில், நடுவில் கயிறு போட்டு இறுக்கிய நெற்கட்டு மாதிரி ஒரு படிகம். பக்கத்தில் கற்கண்டுக் கட்டிகளைப் போல ஐந்து படிகங்கள், உச்சியில் கூர் வைத்து நிற்கும். மாலையில் ஜன்னல் வெயில் வந்தால் அந்த ஐந்தும் ஒரு நிமிடம் பளிச்சிடும்.

போன மாதம், காலை நடையில் கூட வருகிற நண்பர் காபி குடிக்க வீட்டுக்கு வந்தார். கல்லைப் பார்த்ததும் கிட்டே போய்க் குனிந்தார். அவர் மருமகள் இதே மாதிரி ஒன்றை ஆன்லைனில் வாங்கியிருக்கிறாளாம். தியானம் செய்யும்போது பக்கத்தில் வைத்துக்கொண்டால் மனசு தெளியுமாம். "அது நெல்லிக்காய் அளவுதான் சார், அதுக்கே ரெண்டாயிரத்துச் சொச்சம். உங்க கல்லு என்ன விலை போகும்னு தெரியுமா?" என்றார்.

தெரியாது என்றேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மனசைத் தெளிய வைக்கிற கல்லாம்! நாற்பது வருஷத்துக்கு மேலாக என் வீட்டில் இருக்கிறது, என் மனசை அது ஒரு நாளும் தெளிய வைத்ததில்லை. ஏன் என்பதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

1978-இல் எனக்கு இருபத்து மூன்று வயது. சிவில் டிப்ளமா முடித்துவிட்டு இங்கே சேலத்தில் வேலை கிடைக்காமல் அலைந்து, கடைசியில் ஒரு கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசராகச் சேர்ந்து மகாராஷ்டிரத்துக்குப் போனேன். பம்பாய்க்கும் புனாவுக்கும் இடையில் சஹ்யாத்ரி மலையில் சுரங்கம் வெட்டும் வேலை. எந்தச் சுரங்கம், யாருடைய வேலை என்பதெல்லாம் இங்கே வேண்டாம். இன்றும் அதற்குள் போக்குவரத்து நடக்கிறது, நன்றாகவே நிற்கிறது.

நம் ஊர்க்காரர்களுக்குக் கல் புதிதில்லை. மாக்னசைட் வெள்ளைக்கல் சுரங்கத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அந்த மலை வேறு ஜாதி. சுமார் 6.6 கோடி வருஷங்களுக்கு முன்னால் பூமி பிளந்து எரிமலைக் குழம்பு வழிந்து, ஆறி, அதன்மேல் மறுபடி வழிந்து, இப்படி அடுக்கடுக்காகத் தோசை வார்த்தாற்போல் உண்டான பாறை அது. தக்காணத்தின் பெரும்பகுதி இந்தக் கறுப்புப் பாறைதான். பசால்ட் என்பார்கள். ஒவ்வொரு அடுக்கின் மேல்பக்கத்திலும் வாயு வெளியேறிய குமிழ்கள் ஓட்டையாகவே தங்கிவிடும். தோசையின் ஓட்டைகளைப் போலத்தான். சில மிளகு அளவு. சிலவற்றில் ஓர் ஆள் குந்தி உட்காரலாம். பிறகு அந்த ஓட்டைகளுக்குள் சுடுநீர் ஊறும். பாறையிலிருந்து கரைத்துக்கொண்டு வந்த சுண்ணாம்பு, மணற்சத்து எல்லாவற்றையும் அது கொஞ்சம் கொஞ்சமாக உள்சுவரில் படிய விடும். இருட்டில், யாரும் பார்க்காமல், படிகம் வளரும். சுரங்கம் வெட்டும்போது நாம் அந்த அறையின் சுவரை உடைத்துக்கொண்டு நுழைகிறோம். முதல் வெளிச்சம் நம் டார்ச் லைட்தான்.

இதையெல்லாம் நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் மேஸ்திரி.

அவர் தர்மபுரி ஜில்லா, பென்னாகரம் பக்கம். தலைமுறை தலைமுறையாகக் கிணறு வெட்டும் குடும்பம். எழுதப் படிக்கத் தெரியாது. வயது நாற்பத்தைந்து இருக்கும். வேலையாட்களில் தெலுங்கர், ஒரியாக்காரர், மராத்தியர் எல்லாரும் இருந்தார்கள். தமிழ் பேச எனக்கு அவர், அவருக்கு நான். மற்றவர்கள் முன்னால் "சார்" என்பார். ராத்திரி கேம்ப்பில் பீடி பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்தால் "தம்பி" ஆகிவிடுவேன்.

மேஸ்திரிக்குப் பாறை பேசும். ஜாக்ஹாம்மரில் தமர் போடும்போது சத்தம் மாறினாலே கையைத் தூக்கி நிறுத்துவார். கம்பி சடாரென்று அரை முழம் உள்ளே போனால், "கூடு இருக்குதுங்க" என்பார். படிகம் இருக்கும் பொந்துக்கு அவர் வைத்த பெயர் கூடு. இன்னொன்றும் சொல்வார். சில இடங்களில் கறுப்புப் பாறைக்கு நடுவே செங்கல் நிறத்தில் ஒரு மண் பட்டை வரும். "அந்தச் செம்மண்ணுக்குக் கீழதான் தம்பி கூடு கட்டியிருக்கும், மேல தேடாதீங்க." பல வருஷம் கழித்து ஒரு புவியியல் புத்தகத்தில் இதையே படித்தேன். ஓர் எரிமலை அடுக்கின் மேற்பரப்பு மக்கியது அந்தச் செம்பட்டை. அதற்குக் கீழே இருப்பது அடுக்கின் குமிழ் நிறைந்த மேல்பகுதி. மேஸ்திரி எந்தப் புத்தகத்தையும் பார்த்தவரில்லை.

கூட்டிலிருந்து வரும் கல்லைத் தொழிலாளிகள் விற்பார்கள். லோணாவளாவிலிருந்து ஆள் வருவான். பழைய வேட்டியில் சுற்றி, சட்டியில் ஜல்லிக்கு அடியில் வைத்துக் கல்லை வெளியே கொண்டுபோவார்கள். கூடாது என்று உத்தரவு இருந்தது. ஒரு நாள் கூலி பத்து ரூபாய்கூட வராத காலத்தில் ஒரு நல்ல கல்லுக்கு ஒரு வாரக் கூலி கிடைத்தால் உத்தரவு என்ன செய்யும்? நாங்களும் கண்டும் காணாமல் இருந்தோம்.

எனக்கும் ஆசை வந்தது. முதலில் நானே ஒன்றைப் பொறுக்கி வைத்துக்கொண்டேன். வெள்ளை வெளேரென்று விரல் விரலாக நீட்டிக்கொண்டிருந்த கல். டிரங்குப் பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே பத்திரமாக வைத்தேன். ஒரு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் கோலமாவு! தொட்டவுடன் உதிர்ந்தது. மேஸ்திரியிடம் சொன்னதும் சிரித்தார். "அது ஈரத்துல இருக்கற கல்லுங்க தம்பி. வெளிய வந்தா செத்துப்போவும்." அதன் பெயர் லாமன்டைட். தன் உடம்பிலேயே நீரை வைத்திருக்கிற கனிமம். காற்றுப் பட்டால் அந்த நீர் போய்விடும், கல் பொடியாகும். சுரங்கத்துக்குள் அது நிறைய இருக்கும் இடத்தில் பாறையும் அப்படித்தான், வெட்டும்போது உறுதியாகத் தெரியும், பிறகு உதிர ஆரம்பிக்கும்.

இந்தக் குடும்பத்துக்கே ஜியோலைட் என்று பெயர். 1756-இல் க்ரான்ஸ்டெட் என்ற ஸ்வீடன்காரர் இப்படி ஒரு கல்லைச் சூடாக்கியபோது அது பால் மாதிரி பொங்கி நுரைத்ததாம். கிரேக்க மொழியில் கொதிக்கும் கல் என்று அர்த்தம் வரும்படி பெயர் வைத்தார். என் ஷோகேஸில் இருக்கும் நெற்கட்டு ஸ்டில்பைட், ஜியோலைட் வகை. கற்கண்டு மாதிரி இருப்பது அபோஃபிலைட். ஜியோலைட்டோடு கூடவே வரும், ஆனால் அந்த வகை இல்லை. சூடாக்கினால் இலை இலையாக உதிர்வதால் அந்தப் பெயர். சூடாக்காத வரை அது சாகாது. (இன்று துணி துவைக்கும் பவுடரில் ஜியோலைட் போடுகிறார்கள், அது தொழிற்சாலையில் செய்தது. மனைவியிடம் சொன்னேன், அவளுக்குப் பெரிதாக ஆச்சரியம் ஒன்றும் இல்லை.)

எனக்கு அப்போது கல்யாணம் நிச்சயம் ஆகியிருந்தது. பெண்ணுக்குக் கொடுக்க ஒரு கல் கொண்டுபோக வேண்டும் என்று ஆசை. "சாகாத கல்லா ஒண்ணு கிடைச்சா எடுத்து வைங்க மேஸ்திரி" என்றேன். "கல்யாண மாப்பிள்ளை கேட்டு இல்லைன்னு சொல்லலாமுங்களா?" என்றார்.

சுரங்க வேலையில் ஒரு முறை உண்டு. வெடி வைத்த பிறகு புகை போக விட வேண்டும். வெடிக்காத தோட்டா ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு இரண்டு பேர் நீளக் கடப்பாரையோடு போய், கூரையிலும் பக்கச் சுவரிலும் தொங்கும் கல்லைக் குத்தித் தள்ளி விட வேண்டும். அது முடிகிற வரைக்கும் வேறு யாரும் அந்தப் பகுதிக்குள் கால் வைக்கக் கூடாது. போர்டு எழுதி மாட்டியிருந்தோம். மேஸ்திரிக்கு அதைப் படித்துக் காட்டியதே நான்தான்.

அன்று காலை வெடி முடிந்து புகை அடங்கியிருந்தது. கடப்பாரை ஆட்கள் இன்னும் வரவில்லை. நானும் மேஸ்திரியும் தோட்டா பார்க்கப் போனோம். பார்த்தாயிற்று. திரும்ப வேண்டியதுதான். நான் டார்ச்சை மேலே அடித்தேன். வலது பக்கம், தலைக்கு ஓரடி மேலே, குடத்தின் வாய் அளவு ஒரு பொந்து. உள்ளே எல்லாம் மின்னியது.

"மேஸ்திரி, அங்க பாருங்க" என்றேன்.

அவர் பார்த்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். "இருங்க தம்பி."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. டார்ச்சை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் ஒரு கல்லின் மேல் ஏறி இடது கையைப் பொந்தின் விளிம்பில் ஊன்றி, வலது கையால் சின்ன உளியை வைத்து இரண்டு தட்டுத் தட்டினார். கல் கழன்று அவர் கைக்கு வந்தது. அதே நேரம் மேலே இருந்த பலகை மாதிரியான பாறை இறங்கி இடது கையின் மேல் உட்கார்ந்தது.

அதற்கு மேல் விவரமாக எழுத எனக்குத் தெம்பில்லை. புனாவில் ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்தார்கள். தமர் போடும் கை, கயிறு பிடிக்கும் கை.

மறுநாள் கேம்ப் ஆபீசில் விபத்து ரிப்போர்ட் எழுத வேண்டும். மேனேஜர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "நீயும் உள்ளே இருந்தாய் என்று எழுதினால் உன் வேலையும் போகும், எனக்கும் கஷ்டம். அவனாகப் போனான் என்று எழுது. அவனுக்கு நான் ஏதாவது செய்கிறேன்." நான் எழுதினேன், இங்கிலீஷில். பாதுகாப்பு விதி தெரிந்திருந்தும், எச்சரிக்கையை மீறி, கல் எடுக்கும் நோக்கத்தில் தொழிலாளி தானாகவே தடை செய்யப்பட்ட பகுதிக்குள் சென்றார் என்று. விதியை மீறியவர்கள் இரண்டு பேர். ரிப்போர்ட்டில் ஒருவர்தான் இருந்தார்.

1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டத்தில் அப்போது ஒரு பிரிவு இருந்தது. பாதுகாப்பு விதியைத் தொழிலாளி தெரிந்தே மீறியதால் காயம் ஏற்பட்டது என்றால், உயிர் போகாத வரைக்கும் முதலாளி நஷ்ட ஈடு கொடுக்க வேண்டியிருக்கவில்லை. எனக்கு அப்போது இது தெரியாது. மேனேஜருக்குத் தெரிந்திருக்கும். நான் எழுதிய அந்த ஒரு வாக்கியம்தான் வேலையைச் செய்தது. மேஸ்திரிக்குக் கிடைத்தது ஒரு மாதக் கூலியும் ஊருக்கு ரயில் சார்ஜும். என்னிடமிருந்து நூறு ரூபாய். கொடுத்தபோது வாங்கிக்கொண்டார்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று, கட்டுப் போட்ட கையோடு என் ரூமுக்கு வந்தார். தோளில் தொங்கிய பையிலிருந்து ஒரு துண்டு மூட்டையை எடுத்துக் கட்டிலில் வைத்தார். "பொண்ணுக்குக் கொடுங்க தம்பி. இது சாகாத கல்லு." ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு யாரும் படித்துக் காட்டவில்லை. நானும் சொல்லவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு கல்லை மனைவியிடம் கொடுத்தேன். மலையில் கிடைத்தது என்று மட்டும் சொன்னேன். மீதியை அவள் இந்தக் கட்டுரையின் முதல் படியைப் படித்துத்தான் தெரிந்துகொண்டாள். படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

ஓய்வு பெற்ற பிறகு அந்த மலையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். போர் கணவாய் வழியாக ரயில் பாதை போட 1856-இல் ஆரம்பித்து 1863-இல் முடித்தார்கள். 25 சுரங்கங்கள், எல்லாம் கை உளியும் கறுப்பு வெடிமருந்தும்தான். 1861-இல் மட்டும் 42,000 பேர் அந்த மலையில் வேலை செய்திருக்கிறார்கள். காலராவில் செத்தவர்கள் ஏராளம். முதல் கான்ட்ராக்டர் விட்டுவிட்டுப் போனார். அடுத்து வந்த சாலமன் ட்ரெட்வெல் வந்த சில வாரங்களிலேயே இறந்துபோக, அவர் மனைவி ஆலிஸ் ட்ரெட்வெல் கான்ட்ராக்டை ஏற்று வேலையை முடித்துக் கொடுத்தார். அந்தக் காலத்தில் ஒரு பெண்மணி! அதற்கு ஒரு கும்பிடு போடலாம். அந்தப் பாதை வெட்டும்போது கிடைத்த அபோஃபிலைட்டும் ஸ்டில்பைட்டும் கப்பலேறி இங்கிலாந்து மியூசியங்களுக்குப் போயின. லேபிளில் சஹ்யாத்ரி மலை, பம்பாய் என்று இருக்கும்.

சில வருஷங்களுக்கு முன் ஷீரடிக்குக் குடும்பத்தோடு போனோம். நாசிக்கிலிருந்து போகும் வழியில் சின்னரில் கார்கோட்டி மியூசியம் இருக்கிறது. மராத்தியில் கார்கோட்டி என்றால் கூழாங்கல். பார்க்க வேண்டிய இடம், ஷீரடி போகிறவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் என் கல்லைப் போல் நூறு மடங்கு அழகானவை இருந்தன. பச்சை அபோஃபிலைட், ஊசி ஊசியாகச் சிதறி நிற்கும் ஸ்கோலசைட், நீல நிறத்தில் கண்ணைப் பறிக்கும் கவன்சைட். பேரன் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தான். கனிமத்தின் பெயர், ஊர். கனிமத்தின் பெயர், ஊர். நான் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். நடந்து கால் வலி என்று சொன்னேன்.

நம் ஊரிலிருந்து தர்மபுரிக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. பெங்களூர் போகும்போதெல்லாம் அந்தப் பஸ் ஸ்டாண்டைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். எண்பத்தி நாலோ ஐந்தோ, ஒரு தடவை இறங்கினேன். பென்னாகரம் பஸ் எங்கே நிற்கும் என்று விசாரித்தேன். பஸ் நின்றுகொண்டிருந்தது. பக்கத்துக் கடையில் ஒரு டீ குடித்தேன். பஸ் கிளம்பியது. நான் சேலம் பஸ்ஸில் ஏறித் திரும்பி வந்தேன். போய் என்ன சொல்வது என்று யோசித்ததாக அன்று நினைத்துக்கொண்டேன். உண்மையில், அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. கல்லு நல்லாருக்குதுங்களா தம்பி என்பார். அதைக் கேட்கத்தான் பயம்.

இன்று அவர் இருந்தால் தொண்ணூறைத் தாண்டியிருப்பார். பெயரை இங்கே எழுதவில்லை, பிள்ளைகள் பேரன்கள் இருப்பார்கள். வீட்டில் மட்டும் எழுதியிருக்கிறேன். நேற்று கல்லை எடுத்துப் பழைய டூத் பிரஷால் தூசி தட்டி, ஒரு சீட்டு எழுதி அடியில் வைத்தேன். மியூசியத்தில் எழுதுவது மாதிரியே முதல் வரியில் அபோஃபிலைட், ஸ்டில்பைட். இரண்டாம் வரியில் சஹ்யாத்ரி மலை, 1978. மூன்றாம் வரியில், எடுத்தவர் என்று போட்டு மேஸ்திரியின் பெயர். இனிஷியல் போடப் பேனாவை எடுத்தபோதுதான், அவர் அப்பா பெயரை நான் கேட்டதே இல்லை என்பது தெரிந்தது. புள்ளிக்கு இடம் விட்டு எழுதினேன். நான்காம் வரியில், எடுக்கச் சொன்னவர் என்று என் பெயரை இனிஷியலோடு எழுதினேன்.